வழக்கறிஞர் இல்லாமல் மின்தாக்கல்: பார் கவுன்சில் எண் கேட்கிறதே, என்ன செய்வது?

2025 ஜூலை 3, காலை. வாசகர் கேள்வி

"என் வழக்கை நானே நடத்த விரும்புகிறேன். காகிதமாகக் கொண்டுபோனால், மின்தாக்கல் செய்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். இணையதளத்தில் பதிவு செய்யப் போனால் பார் கவுன்சில் பதிவெண் கேட்கிறது. கணினி மையத்துக்காரர் இது வக்கீல்களுக்கு மட்டும்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். வக்கீல் வைக்க வசதியில்லாதவன் இனி வழக்கே போட முடியாதா?"

ஜூலை 3, இரவு

முடியும். கணினி மையத்துக்காரர் சொன்னது தவறு. மின்தாக்கல் இணையதளத்தில் கணக்குத் தொடங்கும்போது, நீங்கள் வழக்கறிஞரா, சொந்தமாக வழக்காடும் தரப்பினரா என்று முதலிலேயே தெரிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் என்பதைத் தொட்டால்தான் பார் கவுன்சில் எண் கேட்கும். 'பார்ட்டி இன் பர்சன்' என்று பொருள்படும் மற்றதைத் தொட்டால் கைபேசி எண், மின்னஞ்சல், அடையாளச் சான்று ஆகியவை போதும், ஓ.டி.பி. வந்ததும் கணக்கு திறந்துவிடும். மையத்துக்காரர் நாள் முழுவதும் வக்கீல் குமாஸ்தாக்களுக்காக அந்த முதல் தெரிவையே தொட்டுப் பழகியிருக்கக்கூடும்.

உங்கள் உரிமையில் ஐயம் வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை 1ஆம் விதி, தரப்பினர் தாமே முன்னிலையாகலாம் என்பதைத்தான் முதலில் சொல்கிறது; அங்கீகரிக்கப்பட்ட முகவரும் வழக்கறிஞரும் அதற்குப் பிறகே வருகிறார்கள். காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியதால் இந்த வரிசை மாறிவிடவில்லை.

கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். மீதி அவ்வளவு கடினமில்லை. நிதானமாக உட்கார்ந்தால் எவரும் செய்யக்கூடியதுதான்.

ஜூலை 5

"கடினமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே, நீங்கள் செய்திருக்கிறீர்களா" என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். செய்திருக்கிறேன். எனக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறுகள்தான் அதிகம்.

நண்பர் ஒருவருக்கு 60,000 ரூபாய் கொடுத்து, 2022 ஏப்ரல் 11 தேதியிட்டுப் புரோநோட்டு எழுதி வாங்கியிருந்தேன். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. மூன்று ஆண்டு காலவரம்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது, 2025 ஏப்ரல் 4 அன்று, எங்கள் ஊர் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்கு மின்தாக்கல் செய்தேன். வட்டி 21,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியிருந்தது. கோரும் தொகையை 81,000 என்று நிறுத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும் திரையில் ஒரு எண் வந்தது, கைபேசியில் குறுஞ்செய்தியும் வந்தது. வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டுவிட்டது என்று நம்பி, வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் வழக்குரை (என் கோரிக்கையை எழுதித் தாக்கல் செய்த மனு) திரும்பி வந்தது. குறைகள் மூன்று.

முதலாவது, புரோநோட்டின் படம் தெளிவாக இல்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இ-சேவா மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஊழியர் என் கோப்பைத் திறந்து, நோட்டின் கீழ்ப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டினார். கணினி மையத்தில் அதைக் கறுப்பு வெள்ளையில் வருடியிருந்தார்கள் (ஸ்கேன் செய்திருந்தார்கள்). ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு மொத்தமும் கன்னங்கரேலென்ற ஒரு கட்டமாகிவிட்டிருந்தது. கடன் வாங்கியவரின் கையெழுத்து அந்த ஸ்டாம்பின் மேல்தான் குறுக்காக ஓடுகிறது. கையெழுத்தின் முதல் சுழியும் கடைசி இழுப்பும் கட்டத்துக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தன, நடுப்பகுதி இருட்டுக்குள் போய்விட்டது. வழக்கின் உயிரே அந்தக் கையெழுத்துதான். அவர் அதே தாளை வண்ணத்தில், 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் மீண்டும் வருடினார். ஸ்டாம்பின் நிறமும் அதன் மேல் நீல மையும் தனித்தனியாகத் தெரிந்தன. இதற்கு ஆன நேரம் ஒரு நிமிடம்கூட இராது.

இரண்டாவது, நீதிமன்றக் கட்டணம் 630 ரூபாய் குறைவு. தமிழ்நாட்டில் பணம் கோரும் வழக்குக்குக் கட்டணம் இப்போது நூற்றுக்கு 3 ரூபாய். 2017இல் குறைக்கப்படும் வரை ஏழரை ரூபாயாக இருந்தது. நான் அசல் 60,000-க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 கட்டியிருந்தேன். வட்டியையும் சேர்த்துக் கேட்கும்போது 81,000-க்கு 2,430 கட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது, வழக்குரையின் இறுதியில் வரும் சரிபார்ப்புப் பத்தியில் இடமும் தேதியும் இல்லை. 6ஆம் கட்டளை 15ஆம் விதி இரண்டும் வேண்டும் என்கிறது. நான் கையெழுத்து மட்டும் போட்டிருந்தேன்.

மூன்றையும் சரிசெய்து, கொடுத்த கெடுவுக்குள் மறுதாக்கல் செய்தேன். ஜூன் மாதம் வழக்கு எண் விழுந்தது.

ஜூலை 6

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மின்தாக்கல் செய்தாலும் அசல் புரோநோட்டை நீதிமன்றத்தில் நேரில் ஒப்படைக்கத்தான் வேண்டும். எந்த ஆவணத்தின் அடிப்படையில் வழக்குத் தொடுக்கிறோமோ அதை வழக்குரையோடு முன்னிலைப்படுத்த வேண்டும் என்பது 7ஆம் கட்டளை 14ஆம் விதி. வருடிய படம் அசலின் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. படத்தை ஏற்றிவிட்ட நிம்மதியில் அசலை எங்கோ வைத்துவிட்டுத் தேடாதீர்கள்.

எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை அனுப்ப வழக்குரை நகலைக் கொடுத்து, பேட்டா என்னும் அனுப்புக் கட்டணத்தையும் தனியாகக் கட்ட வேண்டும். இதையும் ஆங்காங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 11

எழுத்துரு பற்றி ஒருவர் கேட்டார். இது தமிழில் தாக்கல் செய்கிறவர்களுக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழக்காட உரிமையான மொழி. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தை 1976இல் திருத்தி அந்த வழியைத் திறந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி ஆங்கிலம். அது வேறு கதை. ஆகவே என் வழக்குரையைத் தமிழில்தான் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். நீதிமன்றத்தின் எதிரே தட்டச்சு மையங்களில் பல்லாண்டுகளாகப் பழகியது பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். தாளில் அச்சிட்டால் அழகாக இருக்கும். ஆனால் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அதில் 'கடன்' என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியபோது எஃப், எல், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் வந்து நின்றன. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிதான். கணினிக்கு என் வழக்குரையில் தமிழே இல்லை.

தேடக்கூடிய பி.டி.எஃப். வேண்டும் என்பது மின்தாக்கல் நெறிகளில் ஒன்று. நீதிபதி நூறு பக்கக் கோப்பில் ஒரு பெயரையோ தேதியையோ தேட முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தைப் பழைய எழுத்துரு தோற்கடித்துவிடுகிறது. தட்டச்சுக்குக் கொடுக்கும்போதே யூனிகோடில் (கணினி தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டில்) வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக் கணினியிலோ கைபேசியிலோ நீங்களே தட்டினால் அது பெரும்பாலும் யூனிகோடாகத்தான் இருக்கும்.

ஒன்றிய அமைச்சரவை 2023 செப்டம்பரில், நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. அதில் ஒரு துளியை, நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள தட்டச்சர்களுக்கு யூனிகோடு பழக்கிக் கொடுக்கவும், இணையதளத்தில் நாம் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்தின் கீழும் இங்கே என்ன எழுத வேண்டும் என்று எளிய தமிழில் இரண்டு வரி போடவும் செலவிட்டால், சொந்தமாக வழக்காடுகிறவர்களின் பாதித் துன்பம் தீரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜூலை 12

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்குரை தமிழில் இருந்தாலும் இணையதளத்தின் கட்டங்களில் பெயரை ஆங்கிலத்தில் நிரப்புகிறோம். 'தமிழரசன்' என்ற பெயரில் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். பின்னால் பெயரை வைத்துத் தேடும்போது அந்த ஒரு எழுத்து உங்கள் வழக்கை உங்களிடமிருந்தே மறைத்துவிடும். ஆதாரில் இருக்கும் எழுத்துக்கூட்டையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். ஆதார் நகலை ஏற்றுவதானால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்ற முடியுமா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள். வழக்குக் கட்டோடு இணைகிற தாள்கள் எதிர்த்தரப்பின் கைக்கும் போகும்.

ஜூலை 24

"என் தாயாருக்கு 71 வயது. கணினி தெரியாது. அவருக்காக நான் தாக்கல் செய்து நானே வாதாடலாமா?" என்ற கேள்விக்கு: பொது அதிகார ஆவணம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கிக்கொண்டால் செய்யலாம்.

ஜூலை 26

முந்தாநாள் எழுதிய பதில் பாதிதான் சரி. படித்த ஒருவர் உடனே சுட்டிக்காட்டினார். நானும் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். திருத்தி எழுதுகிறேன்.

தட்டச்சு செய்வதும் வருடுவதும் பொத்தானை அழுத்துவதும் உதவி. அதை மகன் செய்யலாம், பேத்தி செய்யலாம், இ-சேவா மைய ஊழியர் செய்யலாம். அதிகார ஆவணம் பெற்ற முகவர் தாயார் சார்பில் முன்னிலையாகலாம், மனுக்களைக் கொடுக்கலாம். ஆனால் வழக்கறிஞரைப் போல நின்று வாதாடும் உரிமை அந்த ஆவணத்தால் தானாக வந்துவிடாது. வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 32ஆம் பிரிவு, வழக்கறிஞர் அல்லாத ஒருவரை ஒரு குறிப்பிட்ட வழக்கில் அனுமதிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. அந்த அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும், மறுக்கவும் கூடும்.

எனவே தாயாரின் பெயரில், தாயாரின் கைபேசி எண்ணில் கணக்குத் தொடங்குங்கள். அவர் கையெழுத்திடட்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து தட்டுங்கள். அவருடைய சொற்களில் நடந்ததை எழுத வையுங்கள். நாளை குறுக்கு விசாரணையில் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான்.

ஆகஸ்ட் 9

குளிர்பதனப் பெட்டி பழுது, நிறுவனம் மாற்றித் தர மறுக்கிறது, இதையும் இதே தளத்தில் தாக்கல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது. நுகர்வோர் ஆணையங்களுக்கு வாயில் தனி. 2020 செப்டம்பரில் 'இ-தாக்கில்' என்ற தளம் வந்தது. 2025 ஜனவரி 1 முதல் 'இ-ஜாக்ரிதி' நடைமுறைக்கு வந்திருக்கிறது. சொந்தமாக வழக்காட விரும்புகிறவர் முதன்முதலாகப் பழகிப் பார்க்க உகந்த இடம் நுகர்வோர் ஆணையம் என்பது என் கருத்து. நடைமுறை எளிது, காணொலியில் விசாரிக்கக் கோரவும் 2019ஆம் ஆண்டுச் சட்டமே வழி விட்டிருக்கிறது, இழப்பீடு 5 லட்சத்துக்குள் கேட்டால் கட்டணமே இல்லை. காலவரம்பு மட்டும் இரண்டு ஆண்டு.

ஆகஸ்ட் 10

கட்டண விவரத்தில் திருத்தம். 5 லட்சம் என்ற வரம்பு நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததன்று. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது. பழைய சட்டத்தில் இழப்பீட்டையும் சேர்த்துக் கூட்டினார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. 32,000 ரூபாய்ப் பெட்டிக்கு நீங்கள் ஆறு லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் இல்லை. கிடைப்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 2

இந்த இழையில் முதல் நாள் நான் எழுதிய "எவரும் செய்யக்கூடியதுதான்" என்ற வரியை நினைத்து மூன்று நாளாக மனம் அமைதியில்லாமல் இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

பக்கத்துத் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மா ஒருவர். கணவர் இல்லை. வீட்டின் பின்பக்கம் நடைபாதை யாருடையது என்பதில் அண்டை வீட்டார் அவர் மேல் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். அழைப்பாணை வந்ததும், அதை வாங்கிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எதிருரையை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதிலை) கொடுக்க வேண்டும் என்று யாரோ சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். நீதிமன்றம் நீட்டித்தாலும் 90 நாள்தான். இவர் பக்கத்துக் கடைவீதியில் ஒரு கணினி மையத்தில் 600 ரூபாய் கொடுத்து எதிருரையை எழுதச் செய்து, மின்தாக்கலும் செய்துவிட்டார். அவர்கள் அச்சிட்டுக் கொடுத்த ஒப்புகைத் தாளை நெகிழி உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

சென்ற வாய்தாவுக்குப் போனபோது, எதிருரை கோப்பில் இல்லை என்று சொல்லி, அவர் தரப்பைக் கேளாமலே வழக்கு நடக்கும்படி அவரை ஒருதலைப்பட்சமாக வைத்துவிட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, எண்ணு இருக்குது பாருங்க, பணமும் கட்டியிருக்குது, எப்படி இல்லைங்கிறாங்க?" என்று கேட்டார்.

தாளில் எண் இருந்தது. கைபேசியில் செய்தி ஏதும் வரவில்லையா என்று கேட்டேன். எதுவும் வரவில்லை என்றார். ஒப்புகைத் தாளில் அச்சாகியிருந்த கைபேசி எண்ணைப் படித்துக் காட்டினேன். அது அவருடைய எண் இல்லை. கணக்குத் தொடங்கும்போது ஓ.டி.பி. வாங்கும் வேகத்தில் மையத்துக்காரர் தன் சொந்த எண்ணையே போட்டுவிட்டிருக்கிறார். சரிபார்ப்புப் பத்தி இல்லை என்று எதிருரை திருப்பப்பட்ட செய்தி, அந்த மனிதரின் கைபேசியில் மற்ற வாடிக்கையாளர்களின் செய்திகளுக்கு நடுவே நான்கு வாரமாகக் கிடந்திருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் இந்த அம்மா உதவி தேடி வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் இ-சேவை மையத்துக்கும் போயிருக்கிறார். அங்கே வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றக் காரியம் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். மாநில அரசின் இ-சேவை வேறு, நீதிமன்ற வளாகத்தின் இ-சேவா வேறு. பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே தடுமாறுகிற இடம் அது.

செப்டம்பர் 4

முதல் நாள் பதிலைத் திருத்துகிறேன். எவரும் செய்யக்கூடியது என்பதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 30 ஆண்டு கணக்கெழுதிய பழக்கம் இருந்தது, வீட்டில் கணினி இருந்தது, நீதிமன்றத்துக்கு ஒரு வாரத்தில் நான்கு தடவை போய்வரப் பொழுது இருந்தது. அந்த மூன்றும் இருந்ததால் எனக்கு எளிதாகத் தோன்றியது. பூக்கட்டினால்தான் அன்றைய சோறு என்ற நிலையில் இருப்பவருக்கு அதே இணையதளம் வேறு முகம் காட்டுகிறது.

தொழில் தெரிந்தவர்கள் வாயில் இயல்பாக வருவதும் நமக்கு யாரும் சொல்லித் தராததும் இதுதான்: இந்தப் பயணத்தில் எண்கள் மூன்று. தாளை ஏற்றியதும் வருவது மின்தாக்கல் எண். கணினி வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. அலுவலகம் எடுத்துப் பார்த்துத் தன் பதிவேட்டில் ஏற்றினால் தாக்கல் எண். இன்னமும் குறைகண்டு திருப்பலாம். எல்லாம் சரியென்று கோப்புக்கு எடுத்த பிறகு வழக்கின் பதிவு எண். சி.என்.ஆர். என்ற பதினாறு எழுத்து அடையாளம் வழக்கோடு கடைசி வரை கூடவே வரும். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்ற வழக்குகளில் அது டி.என். என்று தொடங்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைத் தட்டினால், பெயரை எப்படி எழுதியிருந்தாலும் வழக்கு வந்து நிற்கும். எதிருரை போல நடக்கிற வழக்கில் கொடுக்கும் தாள்களுக்குப் புது வழக்கு எண் கிடைக்காது; அவை ஏற்கப்பட்டனவா என்பதைச் செயலியிலோ, சிரஸ்தார் (நீதிமன்ற அலுவலகத் தலைமை அலுவலர்) பிரிவில் நேரிலோ பார்த்தே ஆக வேண்டும்.

நானும் ஏப்ரலில் முதல் எண்ணைப் பார்த்துத்தான் பாயசம் வைக்கச் சொன்னேன். அந்த அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்ததும் அதே எண்ணைத்தான். என் கைபேசி எண் என் கணக்கில் இருந்ததால் ஐந்தாம் நாள் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் இடையில் அந்த ஒரு வேற்றுமைதான்.

கணக்கை யார் வேண்டுமானாலும் திறந்து கொடுக்கட்டும். எண் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 5

அந்த அம்மாவுக்கு என்ன வழி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 9ஆம் கட்டளை 7ஆம் விதியின் கீழ், ஒருதலைப்பட்சமாக வைத்த உத்தரவை நீக்கக் கோரி, தகுந்த காரணம் காட்டி மனுச் செய்யலாம். இதை நானே எழுதித் தருகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். நான் புரோநோட்டு வழக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டவன். அவருடைய வீட்டை என் அரைகுறை அறிவின் மேல் பணயம் வைக்கக் கூடாது.

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவுப்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே அவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கும் அப்படியே. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நேற்று அழைத்துக்கொண்டு போனேன். ஒப்புகைத் தாளையும், அதில் இருந்த வேற்று எண்ணையும் காட்டினோம். இளம் வழக்கறிஞர் ஒருவரை நியமித்திருக்கிறார்கள்.

சொந்தமாக வழக்காடுவது பெருமைக்காக இருக்க வேண்டியதில்லை. இலவச வழக்கறிஞருக்குத் தகுதியுள்ளவர்கள் முதலில் அங்கே போங்கள். பிறகும் சொந்தமாக நடத்த விரும்பினால் நடத்துங்கள்.

அக்டோபர் 7

"இணையதளம் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிறதே, காலவரம்பு முடியும் நாளில் இரவு பதினொன்றுக்கு ஏற்றினால் போதாதா?" இந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் வருகிறது.

அப்படிச் செய்யாதீர்கள். தளம் திறந்திருப்பதும் அந்த நேரத்துத் தாக்கலை எந்த நாளின் தாக்கலாகக் கொள்வார்கள் என்பதும் இரு வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை மின்தாக்கல் விதிகளில்தான் இருக்கும். கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யக் காலவரம்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு மேல் வழக்குரைக்குச் சலுகை குறைவு. தாமதத்தை மன்னிக்கும் 5ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் பொருந்தும், மூல வழக்குக்குப் பொருந்தாது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று 3ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கே கட்டளையிடுகிறது.

நான் ஒரு வாரம் முன்னதாகத் தாக்கல் செய்ததைச் சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், திருப்பிய வழக்குரை என் கைக்கு வந்தபோது இரண்டே நாள் மீதமிருந்தது. இரண்டு மாதம் முன்னதாகச் செய்திருக்க வேண்டும்.

அக்டோபர் 8

கட்டணக் குறைவுக்காக வழக்கே போய்விடுமா என்று அஞ்சும் நண்பருக்கு: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 149ஆம் பிரிவின் கீழ், குறைந்த கட்டணத்தைப் பிறகு கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். என் 630 ரூபாயை அப்படித்தான் கட்டினேன். கட்டும் வழியே இல்லாத ஏழை என்றால், கட்டணமின்றி வழக்காட அனுமதி கேட்க 33ஆம் கட்டளை இருக்கிறது.

நவம்பர் 19

இரண்டு செய்திகள்.

பூ விற்கும் அம்மாவின் மனு அனுமதிக்கப்பட்டது. எதிருரை கோப்பில் ஏறிவிட்டது. இந்த முறை குறுஞ்செய்தி அவருடைய கைபேசிக்கே வந்தது. எடுத்துக்கொண்டு வந்து என்னைப் படிக்கச் சொன்னார். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

என் வழக்கில் பிரதிவாதி அழைப்பாணை பெற்றும் வரவில்லை. நேற்று என் சாட்சியம். நிரூபண வாக்குமூலத்தை (சாட்சியத்தை எழுத்தில் உறுதிமொழியாகத் தரும் தாளை) மின்தாக்கல் செய்திருந்தேன். இந்த முறை சரிபார்ப்புப் பத்தியில் இடம், தேதி இரண்டையும் மூன்று முறை பார்த்த பிறகே ஏற்றினேன். கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்ததும், கோப்பிலிருந்து அசல் புரோநோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தத் தாளைத் தொட்டேன். மடிப்பு இன்னும் கொஞ்சம் நைந்திருந்தது. ஸ்டாம்பின் மேல் இருப்பது பிரதிவாதியின் கையெழுத்துதானா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். வா.சா.ஆ.1 (வாதி தரப்புச் சான்றாவணம் 1) என்று குறியீடு செய்து, முத்திரை வைத்து, திரும்பக் கட்டில் வைத்துக் கட்டினார்கள்.

தீர்ப்புக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். தேதி செயலியில் ஏறியிருக்கிறதா என்று நேற்று மாலை பார்த்தேன், ஏறியிருக்கிறது.